கண்ணாடிப் பெட்டியில் அரைஞாண்

1969 அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. ராணி ஈரச் சட்டையோடுதான் பள்ளிக்கூடம் போனாள், முணுமுணுத்துக்கொண்டே.

துணிக்கடை நானாவுக்கு ஆறு ரவிக்கை, இரண்டு திரைச்சீலை தைத்தாயிற்று. வாங்க வேண்டியது: அரிசி. மண்ணெண்ணெய். மெஷினுக்கு ஊசி.

ரவிக்கைகளைக் கொடுக்கப் போனபோது நானா பேப்பரைக் காட்டினார். போன வருஷம் தெத் புத்தாண்டுப் பண்டிகைச் சண்டையில் ஹுவே நகரத்தில் கொன்று புதைத்தவர்களை இப்போது தோண்டி எடுக்கிறார்களே, அவர்களுடைய சாமான்களை வைத்து இங்கே சைகோனில் ஒரு நினைவு இல்லம் திறந்திருக்கிறதாம். சொந்தக்காரர்கள் வந்து அடையாளம் பார்க்கலாமாம். போய்ப் பார் என்றார். போக மாட்டேன் என்றேன். அளவுகோலால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். பாவம், அவருக்கும் உறுத்தல். அவருடைய துணி மூட்டைகளோடுதானே ராணியின் அப்பா பண்டிகை வியாபாரத்துக்கு ஹுவே போனார்.

ராணிக்கு அப்பா இன்னும் வியாபாரத்தில்தான் இருக்கிறார். ரோடு சரியில்லை, அதனால் வர முடியவில்லை. நான் கட்டிவிட்ட கதை. ஒன்பது வயசு. நம்புகிறாளா, எனக்காக நம்புவதுபோல் இருக்கிறாளா, தெரியவில்லை.

அக். 7, செவ்வாய்

போக மாட்டேன் என்றவள் நினைவு இல்லத்தின் கதவு திறக்குமுன்பே வாசலில்.

பழைய பள்ளிக்கூடக் கட்டடம். இரண்டே அறை. போலீஸ்காரன் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தான். உள்ளே ஊதுவத்தியும் ஃபினாயிலும் கலந்த வாடை. சுவரில் போட்டோக்கள். பார்க்கவில்லை. பெட்டிகளை மட்டும் பார்த்தேன். ஒற்றைச் செருப்பு. ஜெபமாலை. பல்செட். குழந்தை ஸ்வெட்டர், பொத்தான் போட்டபடி. ஒரு கிழவர் ஒரு சட்டையின் முன்னால் நின்று நகரவே இல்லை.

இரண்டாவது அறையின் நடுவில் தனிப் பெட்டி, மேலே விளக்கு. அதில் ஒரு கயிறு. சீட்டில் வியட்நாமியத்திலும் பிரெஞ்சிலும்: கொலையுண்டவரைக் கட்டிய கயிறு.

அது அவருடைய அரைஞாண்.

ஊர்க் கறுப்புக் கயிறு இந்த ஈரத்தில் இற்றுப்போகிறது என்று, பட்டாளத்துச் சாமான் விற்கும் தெருவில் பாராசூட் கயிறு வாங்கி, பிரித்து, நான்தான் பின்னினேன். அப்புறம் தினம் காலையில் ஒரு கிண்ணம் ஃபோ நூடுல்ஸ், சாயங்காலம் பியர். தொப்பை வந்து கயிறு போதவில்லை. பழுப்பு பூட்ஸ் லேசில் நாலு விரல் நீளம் ஒட்டுப் போட்டேன். ஒட்டுப் போட்ட அன்று எவ்வளவு கேலி செய்தேன் அவரை. பச்சைக் கயிறு, பழுப்பு ஒட்டு. வேறு எவள் போட்டிருப்பாள் அப்படி.

ஒட்டுக்குப் பக்கத்தில் கத்தரியால் வெட்டியிருந்தது. நம்மில் ஓர் ஆண் இடுப்பிலிருந்து அதை எப்போது அறுப்பார்கள்? கடைசியாகக் குளிப்பாட்டும்போது.

அழுகை வரவில்லை. யாரைக் கேட்டு வெட்டினார்கள் என்று ஆத்திரம்தான் வந்தது.

அதிகாரியிடம் சொன்னேன். சின்ன வயசு, மூக்குக்கண்ணாடி, நல்ல பிரெஞ்சு. ஒட்டைப் பற்றிச் சொன்னதும் சுறுசுறுப்பாக எழுதிக்கொண்டார். இடுப்பில் கட்டுவது, எங்கள் ஆண்கள் எல்லோரும் கட்டுவது என்றதும் பேனா நின்றுவிட்டது. அதிர்ச்சியில் குழம்பியிருக்கிறீர்கள் என்றார். அவருடைய கையைக் கட்டிய கயிறு என்று கையெழுத்துப் போட்டால் இறப்புச் சான்றிதழ் தருவார்களாம். சனிக்கிழமை பத்திரிகைக்காரர்கள் வருகிறார்களாம்.

உடம்பு? எல்லோரையும் சேர்த்து அங்கேயே மறுபடி அடக்கம் செய்தாயிற்று. அப்படியானால் கயிறாவது கொடுங்கள் என்றேன். அது தேசத்தின் சொத்தாம்.

கிளம்பும்போது, இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி எதுவரை இருக்கிறது என்று கேட்டார். சும்மா கேட்பதுபோல.

அக். 8, புதன்

மழை விட்டு வெயில். தலைவலி.

நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போட்டுடு தங்கச்சி. அந்தக் காயிதம் இல்லாம புள்ளைய ஊருக்குக் கூட்டிட்டுப் போவ முடியாது," என்றார். உண்மைதான். ராணியின் பாஸ்போர்ட்டுக்கு ஒன்று தகப்பன் கையெழுத்து வேண்டும், இல்லை தகப்பன் செத்த கடுதாசி வேண்டும். கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் அவருக்கென்று மிஞ்சியது அந்த இரண்டு முழக் கயிறு, அதைக் காட்சிக்கு வைத்துவிட்டு எப்படி வருவது என்றேன்.

திரும்பும் வழியில் பஸ் நிறுத்தத்தில் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். நேற்று பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவள். ஹுவேக்காரி. தலையில் துக்கத்துக்கான வெள்ளைப் பட்டை. அங்கே குழிகளிலிருந்து எடுத்தவர்களைக் கழுவியவர்களில் அவளும் ஒருத்தி. கயிறு இடுப்பில் இருந்தது என்று அப்போதே சொன்னாளாம், யாரும் காதில் வாங்கவில்லையாம்.

"நான்தான் வெட்டினேன். முடிச்சு அவிழவில்லை," என்றாள்.

அறைந்திருப்பேன். கையில் துணி மூட்டை. கை கட்டியிருந்ததா என்று மட்டும் கேட்டேன். கைக்குக் கம்பி, கயிறு இல்லை என்றாள். கழுவியபோது மெதுவாகத்தான் செய்தேன் என்றாள். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு அவளோடு நின்றிருந்தேன். அவளுடைய அண்ணன் இன்னும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பெட்டிகளைத் திறந்து துடைப்பது அவள்தான். இதே மாதிரி இன்னொன்று கொண்டுவந்தால் மாற்றிவிடலாம் என்றாள். பிடித்தால் இரண்டு பேருக்கும் ஜெயில். அதையும் அவளே சொன்னாள்.

அக். 9, வியாழன்

பாராசூட் கயிறு, பழுப்பு லேஸ் வாங்கியாயிற்று. கடைக்காரி எதற்கு என்றாள். துணி காயப்போடக் கொடி கட்ட என்றேன்.

மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு பின்னினேன். நீளம் ஞாபகமில்லை, கைக்கு ஞாபகம் இருந்தது. அளவெடுக்கும்போதெல்லாம் மூச்சை உள்ளே இழுத்து வயிற்றைச் சின்னதாகக் காட்டுவார். விடுங்கள் மூச்சை என்று முதுகில் ஒன்று வைப்பேன். ஒட்டுப் போடும் இடம் வந்தபோது விரல் தானாக நின்றது.

அப்புறம் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து, மண்ணில் புரட்டி, செங்கல்லில் தேய்த்து, வெட்டி. பழசாகிவிட்டது.

ராணி வந்து, அது என்ன என்றாள். கொடிக்கயிறு. எல்லோருக்கும் ஒரே பொய்.

அக். 10, வெள்ளி

எழுத்து கோணல்.

புதுசை என் இடுப்பில் புடவைக்குள் கட்டிக்கொண்டு போனேன். போலீஸ்காரன் பையைத்தான் கிளறினான். ஹுவேக்காரி பெட்டியைத் திறந்து துணியை மேலே போட்டாள். நான் திரும்பி நின்று அவிழ்க்கிறேன், முடிச்சு சிக்கிக்கொண்டது. வராந்தாவில் பூட்ஸ் சத்தம். அவள் நிமிரவே இல்லை, துடைத்துக்கொண்டே இருந்தாள். அவிழ்ந்தது. கொடுத்தேன். அவருடையதைத் துணியோடு சேர்த்து என் கையில் திணித்துவிட்டாள்.

அதிகாரி உள்ளே வந்தார். நாளைக்கு வருகிறீர்கள் அல்லவா என்றார். வருகிறேன் என்றேன். பெட்டியை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். கண்ணாடியில் கறை இருக்கிறது, நன்றாகத் துடை என்று அவளைத் திட்டினார்.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழ்போட்டுவிட்டு அவருடையதை டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

அக். 11, சனி

போட்டுவிட்டேன் கையெழுத்து. சான்றிதழ் டிரங்குப் பெட்டியில்.

பெட்டியைத் திறந்து கயிற்றை என் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். இப்படித் திரும்புங்கள், அந்த ஒட்டைக் காட்டுங்கள். காட்டினேன். அப்போது வந்தது அழுகை, விக்கி விக்கி, நிறுத்த முடியவில்லை. கேமராக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். நடிப்பு இல்லை. அதுவும் அவர் அளவுக்கு நான் பின்னியதுதானே.

அக். 12, ஞாயிறு

மேகம். காற்று இல்லை.

பொட்டு வைக்கவில்லை. காபி குடிக்கும்போது ராணி பார்த்துவிட்டாள். கயிற்றை எடுத்து அவள் மடியில் வைத்து உண்மையைச் சொன்னேன். ஹுவே. அப்பா இனி வரமாட்டார். இது அப்பாவுடைய அரைஞாண், படகுத்துறைக்குப் போய் நாம் இரண்டு பேரும் தண்ணீரில் விடப்போகிறோம். நம் ஆம்பிளைகள் குளிக்கும்போதுகூட இதைக் கழற்ற மாட்டார்கள், இது இல்லாமல் இருந்தால் அவர்களுக்கு அம்மணமாக இருப்பதுபோல என்றேன்.

பழுப்பு ஒட்டைத் தடவிப் பார்த்தாள். அழவில்லை. அப்புறம் கேட்டாள்.

"அப்ப அப்பா இடுப்புல இப்ப என்னம்மா இருக்கு?"

ஒன்றும் இல்லை என்றேன். அதற்குத்தான் அழுதாள்.