உம்மாவுக்கு நோய் இல்லை

கற்பிட்டி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் நிஃப்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் அஸ்மினும் கட்டார் வெயிலில் வாடாமல் அல்லாஹ்வின் காவலில் நல்லபடி இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே உம்மா சுகம். கடிதம் என்றால் எல்லோரும் எழுதுவதுதானே என்று தாண்டிப் போய்விடாதே மகள், திரும்பவும் எழுதுகிறேன், உம்மா சுகம், அவளுக்கு ஒரு நோயும் இல்லை. நோய் எனக்கு. மார்பில் கட்டி வந்தது உன் வாப்பாவுக்குத்தான்.

போனில் சொல்லத்தான் பலமுறை நினைத்தேன், உன் குரலைக் கேட்டதும் வாய் ஒட்டிக்கொள்கிறது. பெற்ற மகளிடம் இந்தச் சொற்களை எல்லாம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான், லீவு முடிந்து திரும்பும் அக்மலின் கையில் இதை ஒட்டிக் கொடுத்து அனுப்புகிறேன். வெங்காயம் நட்ட நாட்களில், தோட்டத்துக் கிணற்றடியில் குளிக்கும்போது, வலது பக்கம் காம்புக்குப் பின்னால் புளியங்கொட்டை போல ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. நோவில்லை என்றபடியால் விட்டுவிட்டேன். போகப்போகக் காம்பு உள்ளுக்கு இழுபட்டது. நான் ஆட்களுக்கு முன்னால் சேட்டைக் கழற்றுவதை நிறுத்தினேன், பெருநாளன்று கட்டிப்பிடித்து ஸலாம் சொல்ல வந்தவர்களுக்குக் கையை மட்டும் நீட்டினேன். பிறகு பெனியனில் இரத்தப் பொட்டு வந்தது, துவைக்கும்போது உம்மா கண்டுவிட்டாள். தண்ணி மெஷின் கம்பி கீறிவிட்டது என்றேன். அவள் பெனியனை என் முகத்துக்கு நேரே பிடித்து, "கம்பி கீறினா பெனியனும் கிழிஞ்சிருக்கணுமே" என்றாள்.

ஊரில் யாருக்கும் தெரியக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்ததால், சிலாபத்தையும் தாண்டி ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த மார்புக் கிளினிக்கில் இருந்தது முழுக்கப் பெண்கள். நம்பர் துண்டு கொடுக்கிற பெண் என்னைப் பார்க்கவே இல்லை, உம்மாவைப் பார்த்துத்தான் சிங்களத்தில் பெயர் கேட்டாள். உம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன் மகள். அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தன் பெயரைச் சொன்னாள். அவள் பெயர் கூப்பிட்டபோதும் அவளை உள்ளே போக விட்டுவிட்டு நான் வெளியில் நின்றேன். உள்ளே போய்த்தான், "எனக்கில்ல டொக்டர், வெளியில நிக்கிற மனிசனுக்கு, அவர் வெக்கப்படுறார்" என்று சொல்லியிருக்கிறாள். டொக்டரும் ஒரு பெண்தான், அந்த நோனாவே எழும்பி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

அவர் மார்பைப் பார்த்ததைவிட அக்குளைத்தான் அழுத்தி அழுத்திப் பார்த்தார். நோவு அங்கே இல்லையே என்றேன். அவர் ஒரு தாளில் படம் கீறிக் காட்டினார். சின்னப் பிள்ளையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் மார்பு ஒன்றுபோலத்தானாம், பெண்பிள்ளை பெரியவளாகும்போது அவளுக்கு வளர்கிறது, ஆணுக்கு அப்படியே நின்றுவிடுகிறது, ஆனாலும் பால் குழாய்களின் மிச்சம் காம்புக்குப் பின்னால் இருக்கத்தான் செய்யுமாம். இரத்தம் மட்டுமல்ல, நிறமில்லாத ஒரு நீரும் தோலுக்குக் கீழே மெல்லிய குழாய்களில் ஓடுகிறதாம், நிணநீர் என்று அதற்குப் பெயர். மார்பில் ஊறும் அந்த நீரில் பெரும்பங்கு அக்குளுக்குத்தான் வடிகிறது, கொஞ்சம் நெஞ்செலும்பின் ஓரமாக உள்ளுக்கும் போகிறது. அக்குளில் அவரைக்கொட்டை மாதிரி முடிச்சுகள் இருந்து வருகிற நீரை வடிகட்டும், கட்டியில் இருந்து கெட்டது கழன்று வந்தாலும் முதலில் அங்கேதான் சிக்கும். அதனால்தான் ஒப்பரேஷனில் மார்புக்கு நீல மருந்து ஏற்றி, எந்த முடிச்சு முதலில் நீலமாகிறதோ அதை எடுத்துப் பார்ப்போம் என்றார். கட்டியில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்து, புற்றுநோய்தான் என்றானதும் அப்படியே செய்தார்கள். அந்த முடிச்சிலும் நோய் இருந்ததால் மற்றவற்றையும் எடுத்துவிட்டார்கள். அடுத்த நாள் சிறுநீர் பச்சையாகப் போனதைக் கண்டு நான் மௌத்தாகப் போகிறேன் என்று பயந்துவிட்டேன், அது அந்த நீல மருந்து என்று நர்ஸ் சொல்லிச் சிரித்தாள். எலும்புக்கும் ஈரலுக்கும் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். இனி மருந்து ஏற்ற வேண்டும், குளிசை நெடுநாள் விழுங்க வேண்டும்.

இவ்வளவும் நோய். நோய்க்கு நான் வெட்கப்பட்டது போகட்டும், அதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் கை கூசுகிறது. அன்றைக்கே கிளினிக்கில், நம் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிற றம்ஸியா தன் தங்கச்சியோடு வந்திருந்தாள், உம்மாவின் பெயரைக் கூப்பிட்டதும் அவள் காதில் விழுந்திருக்கிறது. நாங்கள் வீட்டுக்கு வருவதற்குள் ஊர் முழுக்க ஜுனைதாவுக்கு மார்பில் கட்டி என்று கதை. நீயும் அழுதுகொண்டு போன் எடுத்தாய், உம்மாவுக்கா வாப்பா என்று கேட்டாய், நான் ஓம் மகள், பயப்படாதே என்றேன். உம்மா பக்கத்தில்தான் இருந்தாள். அவள் போனை வாங்கி உன்னிடம் அல்லாஹ் சுகமாக்குவான் என்று மட்டும் சொன்னாள், பொய்யும் சொல்லவில்லை, என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை.

ஒப்பரேஷன் முடிந்து வந்த பிறகு வீட்டில் நடந்த கூத்தைக் கேள். சுகமாக இருந்த உம்மா அறைக்குள் படுத்திருந்தாள், பெண்கள் கஞ்சியும் சூப்பும் கொண்டுவந்து ஓதி ஊதிவிட்டுப் போனார்கள். மார்பு வெட்டப்பட்ட நான், புண்ணில் இருந்து தண்ணீர் வடிகிற குழாயையும் போத்தலையும் தொளதொள சேட்டுக்குள் மறைத்துக்கொண்டு, முன்னால் கதிரையில் இருந்து வந்த ஆண்களுடன் பேசினேன். பொஞ்சாதிக்காக எவ்வளவு இளைச்சிட்டீங்க என்று என்னைப் புகழ்ந்தார்கள். ஆட்கள் போன பிறகு அவள் எழும்பி எனக்குச் சோறாக்கித் தந்தாள், புண் துடைத்தாள். ஒருநாள் துடைத்துக்கொண்டே சொன்னாள், "உங்களுக்கு வருத்தம் வந்ததுக்கு எனக்குக் கோவமில்ல. நல்லா இருக்கிற என்ன நோயாளியா படுக்க வச்சிட்டீங்களே, அதுக்குத்தான்" என்று. அடுத்த நாளும் நான் அதே சேட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் கதிரையில் போய் இருந்தேன்.

இன்றைக்கு ஜும்மா முடிந்ததும் மௌலவி என் பெயரைச் சொல்லி, முத்தலிபு நானாவின் மனைவிக்கு நோய் நீங்கி ஷிபா கிடைக்க எல்லோரும் துஆ கேளுங்கள் என்றார். பள்ளி முழுக்கக் கையேந்தியது. முடிச்சுகளை எடுத்த பிறகு என் வலது கை தோள்வரை உயராது, எனக்கு ஒரு கைதான் எழும்பியது. பக்கத்தில் இருந்த தோட்டக்கார மிஹ்லார், கைக்கு என்ன நானா என்று மெல்லக் கேட்டான். அவளுக்காக எல்லோரும் ஆமீன் சொல்கிறார்கள், நானும் சொல்ல வேண்டும், சொல்ல முடியவில்லை மகள். "வருத்தம் அவளுக்கில்ல மிஹ்லார், எனக்கு. என்ட மார்பத்தான் வெட்டியிருக்கு" என்றேன். அவன் பதறிப்போய், "ஆம்புளைக்குமா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டான். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஓம், ஆம்பிளைக்கும் வரும் என்றேன். சிலர் தலையைக் குனிந்தார்கள், ஒருத்தன் சிரிப்பை அடக்கியதையும் கண்டேன். மிஹ்லார்தான் என் செருப்பை எடுத்துப் போட்டு வீடுவரை கூட வந்தான்.

பள்ளியில் சொன்னதை உம்மாவிடம் சொன்னேன். அவள் கட்டிலில் இருந்து எழும்பிப் படுக்கையைச் சுருட்டி வைத்தாள், வாசல் கதவை அகலத் திறந்துவிட்டு, ஒழுங்கையால் போகிற எல்லோரும் பார்க்க முற்றத்தைக் கூட்டினாள். என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. நீயும் கோபப்படு, அது நியாயம்தான். ஆனால் கோபத்தில் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதே. வாப்பா வழியாகவும் இது பிள்ளைகளுக்கு வரலாமாம், மகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள் என்று டொக்டர் நோனா எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். நான் சொன்ன பொய்யால் நீ அங்கே டொக்டரிடம் தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்ற பயத்தில்தான் இன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். மருமகனுக்கும் இதை வாசித்துக் காட்டு, மறைக்காதே.

அல்லாஹ் உன் உடம்புக்கு ஆரோக்கியத்தையும் உன் வீட்டுக்கு பரக்கத்தையும் தரட்டும், உன் வாப்பாவின் கோழைத்தனம் உன்னிடம் வராமல் காக்கட்டும். நாள் கடத்தாமல் போய்க் காட்டு மகள். குடும்பத்தில் யாருக்கு இந்த நோய் என்று அங்கே டொக்டர் கேட்டால் குனியாமல் சொல், என்ட வாப்பாவுக்கு என்று.

இப்படிக்கு,
உன் வாப்பா
முத்தலிபு
(வலது கை இன்னும் சரியில்லை, இடது கையால் எழுதியது, எழுத்து கோணல், பொறுத்துக்கொள்)