நாம் கைவிட்ட வடதுருவக் கோடை

மிஸ்,

இன்று காலை ஆய்வுகூடத்தைத் திறந்தபோது குளிர்சாதனப் பெட்டி நின்றுபோயிருந்தது. இரவு மின்சாரம் போயிருக்க வேண்டும். கதவை இழுத்ததும் அந்த மணம் முகத்தில் அடித்தது. அழுகிய முட்டை மணம். இத்தனை வருடம் இந்த அறையில் இருந்தும் எனக்கு அது பழகவில்லை. உங்களுக்கோ அது பிடிக்கும். வடதுருவத்து ஏரிச் சேற்றுப் பையை இங்கே முதன்முதலாகப் பிரித்த அன்று, மூக்கை உள்ளே விடாத குறையாகக் குனிந்தீர்கள். "நம்மட கிண்ணியாப் பாலத்தடிச் சேறும் இதும் ஒரே மணம், சேர். எவ்வளவு தூரம் போய் இதத் தூக்கிட்டு வந்திரிக்கன் பாருங்க" என்று சிரித்தீர்கள்.

நமக்கு ஒரே வயது, ஒரே பதவி, அடுத்தடுத்த மேசை. ஆனாலும் கடைசிவரை நீங்கள் மிஸ், நான் சேர். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். இருவருக்கும் அது தோன்றவேயில்லை.

திருகோணமலையில் இருந்துகொண்டு வடதுருவத்தின் பழைய காலநிலையை ஆராய்கிறோம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். விளக்கம் சொல்லும் பொறுப்பு உங்களுடையது. ஏரியின் அடியில் வருடா வருடம் சேறு படிகிறது. கீழே போகப் போகப் பழைய சேறு. அதற்குள் நுளம்பு மாதிரி, ஆனால் கடிக்காத, ஒருவகைப் பூச்சியின் புழுத்தலைகள் கிடக்கும். உடம்பு மக்கிப்போகும், தலை ஆயிரக்கணக்கான வருடம் மக்காது. சில இனங்கள் குளிர்ந்த ஏரியில்தான் வாழும், சிலவற்றுக்கு வெதுவெதுப்பு வேண்டும். எந்த அடுக்கில் எந்த இனத்தின் தலை இருக்கிறது என்று பார்த்தால், அந்த அடுக்கு படிந்த காலத்தில் கோடை எவ்வளவு சூடாக இருந்தது என்று சொல்லலாம். இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் நானா என்று கூப்பிடும் உங்கள் அண்ணன், "நுளம்புத் தல எண்ணுறதுக்கா இவ்வளவு படிச்ச?" என்று கேட்டாராம். அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள்.

அந்த ஏரிக்கு நீங்கள் ஒருமுறை போய்வந்தீர்கள். உறைந்த ஏரியின் மேல் நின்று, பனிக்கட்டியில் துளை போட்டு, நீளக் குழாயை இறக்கிச் சேற்றை அடுக்குக் குலையாமல் எடுத்தீர்கள். குளிர் எப்படி என்று கேட்டேன். "குளிர்ப்பெட்டிக்குள்ள கைய வச்சிட்டு ஒரு மாசம் எடுக்காம இரிக்கிற மாதிரி" என்றீர்கள். அந்தச் சேற்றை நெடுகப் பிளந்து, ஒரு பாதி வயது கணிக்க வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் நின்றது. மறு பாதி துண்டு துண்டாக இங்கே வந்தது. உங்கள் கலாநிதிப் பட்டம் அந்தப் பைகளுக்குள் இருந்தது.

கச்சான் காற்று வீசிய ஒரு வறட்சிக் காலத்தில்தான் அது நடந்தது. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி, "சேர், ஓடி வாங்க" என்றீர்கள். பழைய அடுக்கு ஒன்றில், அந்தக் குளிருக்குள் வாழவே முடியாத இனத்தின் தலைகள். ஒன்றிரண்டு அல்ல, நிறைய. அப்படியென்றால் அங்கே ஒருகாலம், யாருமே சொல்லியிராத அளவுக்குச் சூடான கோடைகள் இருந்திருக்கின்றன. நீங்கள் எழும்பி நின்றீர்கள், இருந்தீர்கள், மறுபடி எழும்பினீர்கள். அடுத்தநாள் உங்கள் உம்மா இனிப்புக்குச் செய்த வட்டிலப்பம் வந்தது. ஆய்வேடு முழுவதும் அந்த அடுக்கைச் சுற்றி எழுந்தது.

ஆய்வேட்டை அனுப்பக் கொஞ்ச நாளே இருந்தபோது, நான் தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டு, "மேல தண்ணித் தாங்கி வத்திப் போச்சு, குழாயால சிவப்புப் புழு வருது. அந்தக் கச்சான் நேரமும் இப்பிடித்தான். கழுவச் சொல்ல வேணும்" என்றேன். வாய்க்கு வந்த ஒரு கதை. நீங்கள் எழும்பி வந்து, சேறு அரிக்கும் அரிதட்டைக் குழாயின் கீழே பிடித்தீர்கள். கனநேரம் பிடித்தீர்கள். அதில் தங்கியதை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தீர்கள்.

"சேர், இதப் பாருங்க."

பார்த்தேன். அதே தலைகள்.

"இது வடதுருவத்துப் பூச்சி இல்ல. நம்மட தாங்கிப் பூச்சி."

அந்த அடுக்கை அரித்தது அந்தக் கச்சான் மாதங்களில்தான். குழாய்த் தண்ணீரில்தான்.

நான் விடவில்லை. "எல்லாம் தாங்கியில இருந்துதான் வந்ததெண்டு எப்பிடிச் சொல்லுவீங்கள்? கொஞ்சமாவது ஏரியில இருந்து வந்திருக்கலாம்தானே?"

"இரிக்கலாம்."

"பிறகென்ன?"

"இல்லாமலும் இரிக்கலாம்."

திரும்ப அரித்துப் பார்க்க அந்த அடுக்கில் ஒரு பிடி சேறும் மிச்சமில்லை. மறு பாதியும் வயது கணிப்பில் முடிந்துவிட்டது. உண்மை தெரிய வேண்டுமானால் யாராவது அந்த ஏரிக்குத் திரும்பப் போக வேண்டும். எனக்கு ஆற்றாமையாக இருந்தது. "பட்டம் கையில வாற நேரம் மிஸ். ஆர் வந்து எங்கட தாங்கியைப் பார்க்கப் போகினம்?" என்று கேட்டேன்.

"நான் பாத்திட்டனே, சேர்" என்றீர்கள்.

பிறகு வெளியே போய், ஊருக்குள் திரிந்து வாசலில் மேயும் மான்களுக்கு உங்கள் மத்தியானப் பாணைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு நின்றீர்கள். அன்று பின்னேரமே மேற்பார்வையாளருக்கு எழுதி, அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டீர்கள். மிச்ச அடுக்குகளின் கணக்குச் சரிதான். தாங்கிக்குள் வடதுருவப் பூச்சி வளராது. ஆனால் அவை காட்டும் குளிர்ந்த கோடைகளின் கதையை முன்பே பலர் சொல்லிவிட்டார்கள், அதற்குப் பட்டம் கிடைக்காது. திரும்பவும் ஏரிக்குப் போய்ச் சேறு எடுத்து வந்தால் பார்க்கலாம் என்று பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள். எனக்கு உங்கள்மேல் சரியான கோபம். வீம்பு என்று முகத்துக்கு நேரே சொன்னேன். "வீம்புதான்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றித் தந்தீர்கள்.

ஏரிப் பயணம் தள்ளித் தள்ளிப் போனது. பிறகு நோய் வந்தது. உங்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீங்கள்தான் பேச்சைத் தொடங்கினீர்கள்: "தாங்கி கழுவினவங்களா?" கழுவிவிட்டார்கள் என்று பொய் சொன்னேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜனாஸா அடக்கத்தன்று கிண்ணியாவில், உங்கள் வீட்டு ஒழுங்கையில் ஆண்களோடு நின்றேன். நானா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த அடுக்கின் கோடை சூடா, குளிரா என்று மாணவர்கள் இப்போதும் கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன். நீங்கள் இருந்தபோது அந்தச் சொல்லை வகுப்பில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த கிழமை உங்களுக்கு இரங்கல் கூட்டம். அறிவித்தலைச் சரிபார்க்கச் சொல்லி இன்று மத்தியானம் அலுவலகத்தில் இருந்து ஒருவர் கொண்டுவந்தார். உங்கள் பெயருக்கு முன்னால் 'கலாநிதி' என்று போட்டிருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். "எல்லாம் முடிச்ச மாதிரித்தானே, சேர். போனவவுக்கு ஒரு மரியாதைக்குப் போட்டம். ஆர் கேட்கப் போகினம்?" என்றார். நல்ல மனிதர், உங்கள்மேல் அன்பாக இருந்தவர்.

அந்தச் சொல் உங்கள் பெயரோடு நிற்க வேண்டுமென்று என்னைப்போல ஆசைப்பட்டவர் யாரும் இல்லை, மிஸ். ஆனாலும் பேனாவை எடுத்து வெட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பொறாமை என்று நினைத்திருக்கலாம். விளங்கப்படுத்தவும் தோன்றவில்லை. உங்களிடம் இருந்து ஒட்டிக்கொண்ட குணம் இது. நானாக விரும்பி எடுக்கவில்லை, இனி விடவும் ஏலாது போலிருக்கிறது.

பெயரை மட்டும் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு, கதிரையில் இருந்து அழுதேன்.