கதவு எண் 27

மார்ச் 4, செவ்வாய்

டென்மார்க் கடைக்காரர் இந்த மாதம் கையுறை கேட்கவில்லை. நான் கடை வைத்திருக்கும் வெளிநாட்டு இணைய விற்பனைத் தளத்தில் இரண்டு வருடமாக மாதம் தவறாமல் ஆர்டர் போட்டவர். ஆனால் மாடியில் வாடகைக்குப் பட்டறை வைத்திருக்கும் ஜெரூஷாவின் தையல் மெஷின் ஓயவில்லை. அவளும் கையுறைதான் தைக்கிறாள். யாருக்கு?

மார்ச் 6

தளத்தில் அவள் கடையைத் திறந்து பார்த்தேன். முதல் படமே என் கடையில் இருக்கும் அதே மஞ்சள் தோட்டக் கையுறை. என் மேஜை, ஓரத்தில் என் கத்தரிக்கோல். கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள். படியில் பார்த்தபோது, "இன்னாக்கா, டல்லா கீறீங்க?" என்று சிரிக்கிறாள். எப்படித்தான் முடிகிறதோ.

மார்ச் 7

தளத்துக்குப் புகார் கொடுத்துவிட்டேன். படத் திருட்டு என்று. கொடுத்தவர் பெயரை வெளியிட மாட்டார்களாம். நல்லது.

மார்ச் 11

இரண்டு கடைகளையும் முடக்கிவிட்டார்கள். என்னுடையதையும். ஒரே படம், ஒரே கதவு எண் — ஒரே ஆள் நடத்தும் போலிக் கணக்குகள் என்று சந்தேகமாம். பம்மலில் எந்த மாடிப் பட்டறைக்குத் தனி எண் இருக்கிறது? கேள்வி கேட்டால் கம்ப்யூட்டர்தான் பதில் சொல்கிறது. விதிமுறைகளைப் படித்தேன். வழக்கு என்றால் சிங்கப்பூரில்தான் போட வேண்டுமாம். தாம்பரம் கோர்ட்டுக்கு ஷேர் ஆட்டோ இருக்கிறது. சிங்கப்பூருக்கு?

மார்ச் 13

டென்மார்க்காரர் மெயில் போட்டிருக்கிறார். கடையை இடம் மாற்றினாராம், அதனால்தான் தாமதமாம். இருநூறு ஜோடி வேண்டுமாம். ஆர்டர் வாங்கத்தான் எனக்குக் கடை இல்லை.

மார்ச் 14

படம் என்னுடையது என்று நிரூபிக்க வாட்ஸ்அப்பில் தேடினேன். கிடைத்தது. போன வருடம், அவள் கடை தொடங்கிய அன்று, நானே அவளுக்கு அனுப்பியது. கீழே என் செய்தி: "நல்லா வந்துருக்கு. உன் கடைலயும் போட்டுக்கோ."

இன்னா வேலை பண்ணி வச்சிருக்கேன் நான்.

மார்ச் 15

ஜெரூஷா லேப்டாப்போடு இறங்கி வந்தாள். கண் வீங்கியிருந்தது. "எவனோ கம்ப்ளெயின்ட் குடுத்துகீறான்க்கா. என்னால உங்க கடையும் போச்சு. ஒரே வூட்ல ரெண்டு பேர் தனித்தனியா கீறோம்னு நீங்க இங்கிலீஷ்ல எழுதினா நம்புவாங்க."

எழுதினேன். இரண்டு வாடகை ஒப்பந்தங்கள், கதவு எண் தெரிய இருவரும் சேர்ந்து நிற்கும் படம். அவள் நம்பிக்கையானவள் என்று நான் கையெழுத்துப் போட்டேன். என்னைப் பற்றி அவளும் போட்டாள், படித்துக்கூடப் பார்க்காமல்.

தளத்தின் படிவத்தில் கடைசிக் கேள்வி: புகார் கொடுத்தவரை உங்களுக்குத் தெரியுமா?

"நமக்கு இன்னாக்கா தெரியும், இல்லன்னு போடுங்க" என்றாள்.

போட்டேன்.