பின்சுவரிலிருந்து வரும் ரயில்

பையைத் திறந்ததும் பாச்சா உருண்டை வாசனை மூக்கில் ஏறியது, பாய். ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் ஆடியோ பெட்டிக்குள் கரப்பான் குடியேறிவிடும் என்று நீ போட்டு வைத்தது. நீ போய்விட்டாய், உருண்டை இன்னும் முழுசாகக் கரையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எடமலைப்பட்டி புதூர் மண்டபத்தில் நம் குழுவின் நாடகம். கதாநாயகி ஊரை விட்டுப் போகும்போது, கொள்ளிடம் பாலத்தடியில் நீ பதிந்த ரயில் சத்தம் ஜனங்களுக்குப் பின்னால் கிளம்பி, தலைக்கு மேல் ஓடி, மேடைக்குள் மறைய வேண்டும். அதற்காக நாலு மூலையிலும் ஸ்பீக்கர். புது லேப்டாப்பில் பெட்டியை மாட்டினேன். முன்னால் இரண்டும் பேசின. பின்னால் இரண்டும் ஊமை. ரயில் பாதி வழியில்தான் முளைத்தது.

"சாயந்திரத்துக்குள்ள சரியாகலன்னா ரயிலை எடுத்துடுவோங்க. யாராவது வாயால கூன்னு ஊதிட்டாப் போதும்" என்றார் குழுச் செயலாளர்.

"நீங்களே ஊதுங்க. பல்செட்டு மட்டும் பத்திரம்" என்றேன்.

நம் நாடகத்தில் உன்னுடையது என்று மிச்சமிருப்பது அந்த ரயில் ஒன்றுதான்.

மதியம் வரை வயரைக் கழற்றி மாட்டினேன். அப்புறம்தான் தில்லை நகர் நாடகம் ஞாபகம் வந்தது. அன்றும் இதே கூத்து. நான் ஸ்டூலில் ஏறி ஸ்பீக்கரைத் தட்டிக்கொண்டிருந்தேன். நீ நாற்காலியில் சாய்ந்தபடி, "எறங்கப்பா. இடுப்பு ஒடைஞ்சா அதுக்கெல்லாம் டிரைவர் கெடையாது" என்றாய்.

"ஏழாங்கிளாஸ் படிச்சவனுக்குப் புரியற மாதிரி சொல்லு பாய்."

"பொட்டியில எத்தனை வழி இருக்குன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற புரோகிராம்தான் டிரைவர். கம்ப்யூட்டர் தானா ஒண்ணப் போட்டுக்கிட்டா ரெண்டு வழிதான் தெரியும். பொட்டி செஞ்சவன் குடுக்குற டிரைவரைப் போடு, நாலும் தெரியும்."

"துபாய்ல இதத்தான் படிச்சியா?"

"அங்க ஏசி ரிப்பேர்ப்பா. இது உன்னோட மல்லுக்கட்டிக் கத்துக்கிட்டது."

அதையே செய்தேன். பெட்டிக் கம்பெனியின் டிரைவரை நெட்டிலிருந்து இறக்கி, லேப்டாப்பை அணைத்துப் போட்டு, பாட்டு ஓட்டும் புரோகிராமிலும் அந்த டிரைவரின் பெயரையே தேர்ந்தெடுத்தேன். நாலு வழியும் வரிசையாக வந்து நின்றன. எந்த மூலைக்கு எது என்று சோதிக்க நீ பேசிப் பதிந்ததை ஓட்டினேன்.

"ஒண்ணு. முன்னாடி இடது." "ரெண்டு. முன்னாடி வலது." பிறகு பின்சுவரிலிருந்து, "மூணு. பின்னாடி இடது." "நாலு. பின்னாடி வலது. கேட்டுச்சுன்னா போய் டீ சொல்லுப்பா."

செயலாளர் பதறித் திரும்பினார். "யாருங்க அங்க?"

"நம்ம பாய்தாங்க."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "போனவர் குரலு... நாடகம் போடுற எடத்துல வேணாமே. நீங்க புதுசாப் பேசிப் பதிஞ்சுடுங்களேன்."

"எனக்கு நாலு வரைக்கும் எண்ணத் தெரியாதுங்க."

ரயிலை விட்டேன். பின்சுவரில் கிளம்பித் தலைக்கு மேல் வந்தபோது மனுஷன் குனிந்தே விட்டார். நிமிர்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "ரயிலு இருக்கட்டுங்க" என்றார்.

முன்பெல்லாம் நாடகத்தன்று நீ கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வாய். மேடையைப் பார்க்க மாட்டாய், ரயில் வரும்போது திரும்புகிற முகங்களைத்தான் பார்ப்பாய், ஒன்றும் தெரியாதவன் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்காலி எனக்கு. டிரைவர் போடக் கற்றுக்கொண்டேன், பாய். உன்னைப் போல் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கத்தான் இன்னும் வரவில்லை.