ஐஸில் இருக்கிற ஒன்று

அப்புத்தளை
12.11.2003

அன்பு மகள் சிவசக்திக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளை சுரேசும் லண்டன் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே விடாத மழை. லயத்துக் கூரை என் கட்டிலுக்கு மேலே மட்டும் ஒழுகுகிறது, உங்கம்மா பக்கம் ஒரு சொட்டு இல்லை. மழைக்குக்கூட ஆளைத் தெரிகிறது.

உன் கடிதம் கிடைத்தது. உறைய வைத்திருந்த மூன்று கருவில் இரண்டு, ஐஸிலிருந்து எடுக்கும்போதே போய்விட்டன என்று எழுதியிருந்தாய். நீ வேலை செய்கிற கடையில் பெட்டி தூக்கியதால்தான் என்றும் எழுதியிருந்தாய். விஞ்ஞானத்தில் அப்பா வாங்கிய மார்க் உனக்குத் தெரியும். அதனால் டவுனுக்குப் போய் மருந்துக்கடை மொஹிதீன் நானாவிடம் கேட்டேன். கருவுக்குள் இருக்கிற தண்ணீர் ஐஸாகும்போது ஊசி மாதிரி கிழித்துவிடுமாம். அதனால் தண்ணீரை இறக்கி, ஒரு மருந்தை ஏற்றித்தான் உறைய வைப்பார்களாம். எடுக்கும்போது மருந்தை இறக்கி, தண்ணீரை மெல்ல மெல்லக் கொடுக்க வேண்டுமாம். எவ்வளவு பக்குவமா எடுத்தாலும் சிலது தாங்காது, யாரையும் குத்தம் சொல்ல ஏலாது அண்ணே என்றார்.

அவை உன் வயிற்றுக்கு வந்து சேரவேயில்லை, மகள். பிறகு நீ தூக்கிய பெட்டி அவற்றை என்ன செய்யும்?

மூன்று என்று நீ போனில் சொன்ன அன்றைக்கே அம்மா மாரியம்மன் கோயில் மரத்தில் மூன்று தொட்டில் கட்டிவிட்டாள். நான் சும்மா இருந்தேனா? காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டில் நின்று எல்லாருக்கும் சொன்னேன். இப்போது கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள், பேரப்பிள்ளைங்க சுகமா என்று விசாரிக்கிறார்கள். சுகம் என்கிறேன். அம்மா, இரண்டு பேர் போன தீட்டு என்று கோயில் பக்கமே போவதில்லை. பிறக்காததுக்கு ஏதும்மா தீட்டு என்று பூசாரி ஏசிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

மூன்றாவதை எடுக்கவா, ஐஸிலேயே விடவா என்று கேட்டிருந்தாய். அப்படியே இருக்கட்டும், எங்கேயோ ஒரு பேரப்பிள்ளை இருக்கு என்றாவது இருக்கும் என்கிறாள் அம்மா. உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த ஆசைதான். ஆனால் எங்கள் ஆறுதலுக்காக நீ அதை அங்கேயே வைத்துக் காத்திருக்க வேண்டாம். மாப்பிள்ளையோடு பேசு. மனம் சொன்னால் எடு.

தங்கினால், டாக்டர் விடும்போது வா. தங்காவிட்டால் அடுத்த பிளேனிலேயே வா. பிள்ளையோடுதான் வருவேன் என்று சொல்லிச் சொல்லி நீ வராமலே இருக்கிறாய். நாங்கள் உன்னிடம் அப்படிக் கேட்டதே இல்லையே, கண்ணு. ஸ்டேஷனுக்கு நான் வருவேன். வழியில் யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ பேசாமல் என்கூட நடந்து வந்தால் போதும்.

அம்மன் உன்னைக் காக்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா தம்பையா