லுங்கியும் டையுமாக ஒரு நேர்முகத் தேர்வு

அன்புள்ள மாப்ளே,

இன்று காலை கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியைக் கிளறியபோது உன் சிவப்பு டை கிடைத்தது. லுங்கி, பனியன்மேல் அதைக் கட்டிக்கொண்டு நீ உட்கார்ந்திருந்த கோலம் நினைவுக்கு வந்து, தனியாகச் சிரித்தேன். ரூமில் இப்போதிருப்பவர்களுக்கு அது புரியாது. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நம் கராமா கட்டடத்தின் காவலாளி மோசஸை முதலில் கவனித்தவன் நீதான். உகாண்டாக்காரன், அப்பா இறந்ததும் பள்ளியை விட்டுவிட்டு துபாய்க்கு வந்தவன். ஏசி பழுது பார்த்துவிட்டு நீ திரும்பும்போதெல்லாம் உன் கருவிப் பையைப் பார்த்து ஏதாவது கேட்பான். மின்சாரம் படிக்க ஆசை என்று தெரிந்ததும் மேலே கூட்டிவந்துவிட்டாய். மின்சாரத்தை நீ பார்த்துக்கொள்வதாகவும், கணக்கை நான் சொல்லித் தர வேண்டும் என்றும் சொன்னாய். சென்ட் கடையில் நின்று நின்று எல்லாம் மறந்துவிட்டது என்றேன்.

"பிஎஸ்சி கணக்கு படிச்சது பாட்டில் துடைக்கவா மாப்ளே? உக்காரு."

இஸ்திரிப் பலகைதான் நமக்கு மேசை. தமிழும் இந்தியும் இங்கிலீஷும் கலந்து நீ விளக்குவாய். அவனுக்கு எப்படியோ புரிந்துவிடும். நீ கூப்பிடுவதைக் கேட்டு, அவனும் என்னை 'மாப்ளே சார்' ஆக்கிவிட்டான். அவனுக்காக நானும் அல்ஜீப்ராவை மறுபடி படித்தேன். டூட்டி முடிந்து ஆசையோடு ரூமுக்கு ஓடிவந்தது அந்த நாட்களில்தான்.

மாலை நேர டிப்ளமோவுக்கான எழுத்துத் தேர்வில் தேறினான். நேர்முகத் தேர்வு என்றதும் பின்வாங்கினான். என்னைப் போன்ற கறுப்பனைப் பார்த்தால் கேட்டில் நிற்க வந்தவன் என்றுதான் நினைப்பார்கள் என்றான். நீ உடனே ஒத்திகைக்காக டையைக் கட்டிக்கொண்டு அதிகாரியாகிவிட்டாய். கதவைத் தட்டி உள்ளே வந்தவன், உட்காரச் சொன்ன பிறகும் விறைப்பாக நின்றான். திருப்பி அனுப்பினாய். மறுபடி வந்தான், மறுபடி நின்றான்.

"மோசஸ் பாய், நீ டூட்டிக்குப் போகல. படிக்கப் போற. உக்காந்து பேசு," என்று உன் கலவை மொழியில் சொன்னாய்.

உட்கார்ந்தான். அதோடு விடாமல், நீ கேட்ட கேள்வியே தப்பு என்று திருத்தவும் செய்தான். உன் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

நேர்முகத் தேர்வன்று நாம் லீவு போட்டுவிட்டுக் கல்லூரி வாசலில் காத்திருந்தோம். வெளியே வந்தவன் உன்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். செருப்பு ஒருபக்கம் பறக்க, நீ "விடுடா, விடுடா" என்று கத்தினாய். அவனுக்கு இடம் கிடைத்திருந்தது.

அடுத்த வருஷம் ஊருக்குப் போன நீ, நெஞ்சுவலியில் அங்கேயே போய்விட்டாய். சேதி வந்த அன்று மோசஸ் டூட்டியை மாற்றிக்கொண்டு வந்து என் பக்கத்திலேயே இருந்தான். பிறகு படிப்பை முடித்தான். இப்போது சவூதியில், தம்மாமில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர்.

துபாயில் வேலை செய்யும், படிக்க ஆசையுள்ள ஆப்பிரிக்கப் பிள்ளைகளை அவன்தான் என்னிடம் அனுப்புகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் சந்திக்கிறோம். போன வாரம், சலூனில் வேலை பார்க்கும் கென்யாப் பெண் கிரேஸ், நான் காட்டிய வழியை விட்டுவிட்டுத் தன் வழியில் ஒரு கணக்கைப் போட்டாள். விடை சரி. நான் கைதட்டியதில், புல்லில் படுத்திருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள்.

நேற்று என் மகள் ஊரிலிருந்து ஃபோனில் பேசினாள். அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளியில் கேட்டார்களாம்.

"கணக்கு வாத்தியார்னு சொன்னேம்பா."

நான் திருத்தவில்லை, மாப்ளே.