உன் குதிரை பவுனுக்கு இடம் கிடைத்துவிட்டது, மாப்ளே

மாப்ளே,

இன்று காலை என் பிக்கப் வண்டியில் ஏறிய தங்கச்சி, ஏறிய வேகத்திலேயே இறங்கிவிட்டாள். "அண்ணே, இது வண்டியா, குதிரை லாயமா? நான் பஸ்சுலயே போயிக்கிறேன்" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடையைக் கட்டினாள். குற்றவாளி சீட்டுக்குப் பின்னால் கிடந்தது. பவுனின் முதுகில் பொதி ஏற்றுமுன் விரிப்பாயே, அந்தச் சாக்கு மெத்தை. குதிரை வியர்வை, மழையில் நனைந்த சணல், எல்லாவற்றுக்கும் மேலே ஏலக்காய். உலகத்து அத்தர் வியாபாரிகள் எல்லாரும் கூடி உட்கார்ந்து காய்ச்சினாலும் அப்படி ஒரு வாசம் வராது. உன் பெண்டாட்டிக்கு அது நாற்றம். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வண்டியைக் கிளப்பாமல், கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

உனக்குச் சேதி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி என் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னாயே, "மச்சான், பவுனை மட்டும் கல்யாண ஊர்வலத்துக்காரன்கிட்ட விட்டுராதய்யா. வேட்டுச் சத்தத்துலயே செத்துருவா" என்று. விடவில்லை மாப்ளே. நேற்றோடு அந்தக் கவலை தீர்ந்தது. எப்படித் தீர்ந்தது என்று சொல்லுமுன், குதிரை விளையாட்டு உலகத்துக்கு நாம் இருவரும் ஆற்றிய தொண்டைக் கொஞ்சம் நினைவுகூர்ந்துவிடுகிறேன். வேறு யாரும் நினைவுகூரப் போவதில்லை.

குரங்கணிக்கு மேலே நீ ஏலக்காய் மூட்டை இறக்கிய மலைப்பாதைக்கு ஜீப்பு ரோடு வந்ததும், உன் பொதிக்குதிரைகள் எல்லாம் இன்னும் உயரத்தில் இருக்கிற எஸ்டேட்டுகளுக்கு வேலைக்குப் போய்விட்டன. வயதான பவுனை மட்டும் நீ யாருக்கும் கொடுக்கவில்லை. ராசிங்காபுரத்தில் என் தென்னந்தோப்புக்கு ஓட்டிவந்து கட்டினாய். "சும்மா நின்னா காலு பிடிச்சுக்கும் மச்சான். இவளுக்கு ஒரு சோலி வேணும்" என்றாய். யாருக்குச் சோலி வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியாதா? அந்த நேரம் பார்த்து, பெங்களூரில் வேலை பார்க்கும் உன் மகள், என் அருமை மருமகள், போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். எங்கெங்கோ தேசத்தில் குதிரை மேல் உட்கார்ந்து பந்து அடிக்கிறார்கள், ஓடுகிற குதிரையிலிருந்து அம்பு விடுகிறார்கள், பனியில் குதிரைக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சறுக்குகிறார்கள். அப்பா சிரிக்கட்டும் என்று அவள் அனுப்பினாள். நீ அதை அரசாணையாக எடுத்துக்கொண்டாய்.

முதலில் போலோ. குதிரை ஒன்றுதான் என்பதால் எதிரணி நான், என் மொபெட்டில். அடிக்கத் தென்னைமட்டை, பந்துக்கு உதிர்ந்து கிடந்த தென்னங்குரும்பை. ஆட்டம் தொடங்கியதும் நான் புயலாகப் பாய்ந்து, ஒரே அடியில் குரும்பையை வைகை அணைக்கு அனுப்பினேன். வெற்றிப் பெருமிதத்தோடு திரும்பிப் பார்த்தால் மைதானத்தில் உன்னையும் காணோம், குதிரையையும் காணோம். மோட்டார் ரூம் வாசலில் போய் நின்றுகொண்டிருந்தாள் மகராசி. கதவும் தகரக் கூரையும் உள்ள எந்த இடமும் அவளுக்கு ஏலக்காய் ஸ்டோர்தான். வந்து சேர்ந்தாயிற்று, மூட்டையை இறக்குங்கள் என்கிற நிற்பு. நீ இழுத்தாய், கெஞ்சினாய், அவள் பூட்டி வரைக்கும் போய்த் திட்டினாய். அசையவில்லை. கடைசியில் நீ கீழே இறங்கியதும், லோடு இறங்கிவிட்ட நிம்மதியில் ஒரு செருமல் செருமிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"என்னைய மூட்டைன்னு நெனச்சுட்டா மச்சான்."

"அவ மேல என்ன தப்பு? உன் வயித்தப் பாத்தா எனக்கே அப்பிடித்தான் தோணுது."

அடுத்தது வில்வித்தை. மூங்கிலை வளைத்து நீயே வில் செய்தாய். பவுனு நிதானமாக நடந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. குறி வைத்தது சோளக்கொல்லை பொம்மைக்கு. முதல் அம்பு என் தண்ணீர்த் தொட்டியைத் துளைத்தது. பீய்ச்சியடித்த தண்ணீரில் தோப்பே ஒரு போகம் விளைந்திருக்கும். இரண்டாவது அம்பு எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. பொட்டிபுரம் மலைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத ஏதோ துகளைப் பிடிக்கப் போவதாகப் பேசிக்கொண்டார்களே, அவர்கள் வந்தால் முதலில் உன் அம்பைத் தேடித் தரச் சொல்ல வேண்டும் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பேசத் தொடங்கிய அன்றைக்கே சறுக்கு விளையாட்டு. நம் ஊரில் பனிக்கு எங்கே போவது? நடவுக்கு உழுது கலக்கிவிட்ட சேற்று வயல் இருந்தது. வயலைச் சமப்படுத்த மாடு இழுக்குமே பரம்புப் பலகை, அதைப் பவுனுக்குப் பூட்டி, அதன் மேல் என்னை ஏற்றினாய். நான் வீரபாண்டித் திருவிழாவில் தேர் மேல் நிற்கிற சாமி மாதிரி நின்றேன். வேகமும் அப்படித்தான். "வெரசாப் போகச் சொல்லுய்யா, வேரு விட்டுறப் போகுது எனக்கு" என்று நான் கத்தவும், வீட்டுப் பக்கம் தங்கச்சி தீனி வாளியைக் கீழே வைக்கவும் சரியாக இருந்தது. அந்த வாளிச் சத்தத்துக்குப் பவுனு எடுத்த ஓட்டம் இருக்கிறதே! கட்டு அவிழ்ந்து பலகை வயலிலேயே நின்றுவிட்டது. கயிற்றை விடாத குற்றத்துக்கு நான் மட்டும் குப்புற அடித்துப் போனேன், இரண்டு வரப்பு தாண்டி. சேற்றுப் பிள்ளையாராக வாசலில் எழுந்து நின்ற என்னைப் பார்த்து, என் கூடப் பிறந்தவள் கேட்டாள்: "யாரு வேணும் உங்களுக்கு? அவுக ரெண்டு பேரும் வயலுக்குப் போயிருக்காக."

நீ வரப்பில் உருண்டு உருண்டு சிரித்தாய். உன் நெஞ்சு வலிக்கு மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர் அப்போது உன்னைப் பார்த்திருந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு என்னைத் தினம் மூன்று வேளை சேற்றில் இழுக்கச் சொல்லியிருப்பார்.

அதற்குப் பிறகு குதிரை ஏறக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உன் மகள் கொஞ்சம் யோசித்து, சவாரியே இல்லாத விளையாட்டு ஒன்றைத் தேடி அனுப்பினாள். ஆள் முன்னால் நடப்பார். கயிறு தளர்ந்தே இருக்கும். குதிரை பின்னாலேயே கழிகளுக்கு நடுவில் எதிலும் படாமல் வளைந்து வர வேண்டும். மூங்கில் கழிகளை நட்டு ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்தோம். ஒத்திகைக்கு நான் நடந்தேன். என் வயிறு பட்டு இரண்டு டம்ளர் விழுந்தன. பவுனு நடந்தாள், ஒன்றுகூட ஆடவில்லை. கழிகளை நெருக்கி நட்டோம். நின்றாள், பார்த்தாள், இந்த இடுக்கில் நம்மால் ஆகாது என்று சுற்றிக்கொண்டு வந்தாள்.

நீ அவள் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாய்: "மலைப்பாதையில ஒரு பக்கம் பாறை மச்சான். மூட்டை அதுல இடிச்சா ஆளும் குதிரையும் பள்ளத்துல கெடக்கணும். அதான் தள்ளித் தள்ளி நடந்து பழகிட்டா. இப்ப முதுகுல ஒண்ணுமில்ல. இவ ரெண்டு பக்கமும் மூட்டை தொங்குதுன்னே நடக்குறா." அந்தச் சாயங்காலம் நீ உலகக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் மாதிரி தோப்பைச் சுற்றி வந்தாய்.

நீ போன பிறகு அவள் தீனியில் பாதியை மிச்சம் வைக்க ஆரம்பித்தாள். வேலிப் படலுக்குப் பக்கத்தில், குரங்கணிப் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "நோவு ஒண்ணுமில்லை. ஒத்தைக் குதிரை இப்படித்தான் ஏங்கும். கூட வேற குதிரை இருக்கிற இடமாப் பாருங்க, ஏதாவது வேலையும் குடுங்க" என்றார். எங்கே பார்ப்பது? தேடி வந்த ஒரே ஆள் ஊர்வலத்துக்காரர்தான். பல்லைப் பார்த்தார், காலைப் பார்த்தார், "தலையில இறகு வச்சு, ஜிகினாத் துணி போட்டா ராணி மாதிரி இருக்கும்ணே. வர்ற முகூர்த்தத்துக்குள்ள சொல்லிருங்க" என்றார். எனக்கு உன் விரல்கள் சட்டையைப் பிடித்து இழுப்பது போலவே இருந்தது. முகூர்த்தத்துக்குள் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன்.

மறுபடியும் உன் மகள்தான் கைகொடுத்தாள். "மாமா, உடுமலைப் பக்கம் ஒரு ஸ்கூலு இருக்கு. நடக்கச் சிரமப்படுற பிள்ளைகளைக் குதிரையில உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறாங்க. ரெண்டு குதிரை நிக்குது, இன்னொண்ணு தேடுறாங்க. ஆனா சோதிச்சுப் பாத்துத்தான் எடுப்பாங்க."

நேற்று விடிந்ததும் பவுனைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். அங்கே தொப்பி வைத்த ஒரு டீச்சரம்மா. பார்வையே பரீட்சை ஹால். "பிள்ளைங்க நடமாடுற இடத்துல நடத்திக் காட்டுங்க. யார் மேலயாவது இடிச்சாலோ, மிரண்டு ஓடுனாலோ, மன்னிச்சுக்குங்க சார், எங்களால எடுக்க முடியாது."

முற்றம் நிறைய சக்கர நாற்காலிகள், வாக்கர் பிடித்து நடக்கிற பிள்ளைகள், பந்து, கூச்சல். கயிற்றைத் தளர்த்திப் பிடித்து நடந்தேன். முதல் நாற்காலி வந்தது; ஒரு மூட்டை அகலம் விட்டு ஒதுங்கினாள். வாக்கரோடு ஒரு பெண்பிள்ளை குறுக்கே வந்தாள். பவுனு நின்று, அந்தப் பிள்ளை போகும்வரை காத்திருந்தாள். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் நான் புகுந்துவிட்டேன். அவள் இடுக்கைப் பார்த்தாள், சுற்றிக்கொண்டு வந்து என்னைச் சேர்ந்தாள்.

"இவ ஏன் எல்லாருக்கும் இவ்வளவு தள்ளி நடக்குறா?" என்றார் டீச்சரம்மா.

"ரெண்டு பக்கமும் ஏலக்காய் மூட்டை இருக்கும்மா."

அவர் பவுனின் வெறும் முதுகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் விவரம் சொல்ல வாயைத் திறக்குமுன், சமையல்கட்டில் யாரோ அடுக்கி வைத்திருந்த தட்டுகளை மொத்தமாகக் கீழே போட்டார்கள்.

வேட்டு வெடித்த மாதிரி. பவுனு விறைத்துப் போனாள். காது நிமிர்ந்தது, தோல் அலை அலையாக நடுங்கியது. அடுத்த நொடி பாய்ந்தால் எல்லாம் முடிந்தது. எனக்குக் கயிற்றை இறுக்கத் தோன்றவில்லை. மலையிலிருந்து வந்து கடைசி மூட்டையைக் கழற்றும்போது நீ அவள் காதருகில் சொல்வாயே, அதுதான் என் வாயில் வந்தது. "இறக்கியாச்சு புள்ள. எல்லாம் இறக்கியாச்சு." உன் குரல் என்னிடம் இல்லை, என் தவளைத் தொண்டைதான். ஆனால் அவள் ஒரு நீண்ட மூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்தி, மூக்கை என் தோளில் வைத்தாள்.

டீச்சரம்மா வந்து என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். அந்த இரண்டு குதிரைகள் நிற்கிற கொட்டகைக்கு அவளைக் கூட்டிப்போனார். மூன்றும் மூக்கோடு மூக்கு மோப்பம் பிடித்தன. கொஞ்ச நேரத்தில் பவுனு அடுத்தவர் தொட்டியிலிருந்து புல்லைத் திருடித் தின்ன ஆரம்பித்தாள். நான் விட்ட பெருமூச்சில் உடுமலைக் காற்றாடிகள் எல்லாம் எதிர்ப்பக்கமாகச் சுற்றின, மாப்ளே. இது மட்டும் கலப்படமில்லாத உண்மை.

வரும் வழியிலேயே ஊர்வலத்துக்காரருக்குப் போன் போட்டேன். "குதிரை இல்லண்ணே. வேணும்னா நான் வர்றேன், இறகு வச்சுக்கிறேன்" என்றேன். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

ஆக இப்போது நானும் குதிரை இல்லாத ஆள். இன்று மத்தியானம் உன் மகளிடமிருந்து ஒரு வீடியோ: "மாமா, உனக்கும் ஒரு வெளையாட்டு கண்டுபிடிச்சுட்டேன்." ஏதோ குளிர் தேசத்தில், பெரிய பெரிய பெண்பிள்ளைகள் கம்பில் குதிரைத்தலை செருகி, அதைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ஓடித் தாண்டுகிறார்கள். போட்டியாம், பரிசாம். நான் ஒரு மூங்கில் கம்பை எடுத்தேன். இரண்டு செங்கல் மேல் ஒரு தென்னைமட்டையை வைத்தேன். தோப்பில் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு ஓடி வந்தேன். கம்பு தாண்டிவிட்டது. நான் தாண்டவில்லை.

தலையைத் தூக்கினால், பஸ்சில் போய்த் திரும்பிய தங்கச்சி பையோடு படலருகில் நிற்கிறாள்.

"என்ன சோலிண்ணே பாக்குற?"

"குதிரை ஏற்றம்."

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கம்பைப் பார்த்தாள், முழங்கால் சிராய்ந்து கிடக்கிற என்னைப் பார்த்தாள். உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். "அவுக இருந்திருந்தா, இந்தக் கம்புக்கும் ஒரு படி கொள்ளு ஊறப் போட்டிருப்பாக" என்றாள். சொன்னவள் சிரித்தாள் பார், பையைக் கீழே போட்டுவிட்டு, தென்னையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க. நீ போன பிறகு உன் பேச்சை எடுத்து நாங்கள் சிரித்தது இதுதான் முதல் தடவை.

முழங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு, கம்பை மூலையில் சாத்தச் சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறாள். நான் சாத்தவில்லை, மாப்ளே. இதை எழுதும்போதும் அது என் மடியில்தான் கிடக்கிறது.